மரத்தில் எதை மாட்டுவது? மெக்சிகோ நாட்டார் கலையின் நான்கு அணிகள்

மெக்சிகோவில் கிறிஸ்துமஸ் மரம் பழைய வழக்கமன்று. 1860களில் பேரரசர் மாக்சிமிலியானின் அரண்மனை வழியாக அது வந்தது என்பர். அதற்கு முன்பே வீடுகளில் வேரூன்றியிருந்தது இயேசு பிறப்புக் குடில்தான். ஆகவே, மரத்துக்கென இன்று விற்கப்படும் நாட்டார் கலைப்பொருள்களுள் பல வேறொரு பயனுக்காகப் பிறந்தவை. கிளையில் ஏறிய பிறகும் அவற்றின் பொருள் நிலைக்கிறதா என்பதே என் அளவுகோல்.

அவ்வகையில் முதலிடம் தகர இதயத்துக்கே உரியது. வெள்ளீயம் பூசிய மெல்லிய தகட்டை வெட்டி, பின்புறத்திலிருந்து தட்டிப் புடைப்பெடுத்து, சுடர்விடும் திருஇருதயமாக அதை வடிக்கிறார்கள். இதற்கு நெருங்கிய உறவு ‘மிலாக்ரோ’ எனும் நேர்ச்சைப் பொருள்: கண், கால், இதயம் ஆகியவற்றின் சிற்றுருவை உலோகத்தில் செய்து, வேண்டுதலாகவோ நன்றியாகவோ புனிதரின் திருவுருவத்தருகே மாட்டுவார்கள். வேளாங்கண்ணியில் செலுத்தப்படும் வெள்ளி உருவங்களை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மாட்டுவதற்கென்றே பிறந்ததாதலால், பீடத்திலிருந்து கிளைக்கு இடம் மாறினாலும் இதன் பொருள் குன்றுவதில்லை. எடை குறைவு, உடையாது, சிறு விளக்கொளியிலும் மின்னும். ஓரம் மழுக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும்.

பொருளாழத்தில் ஏழுமுனை நட்சத்திரப் பின்யாத்தா, அதாவது பழமும் மிட்டாயும் நிரப்பித் தொங்கவிட்டுக் கோலால் அடித்து உடைக்கும் உருவம், இதையும் விஞ்சும். முனைகள் தலையான பாவங்கள் ஏழையும், கண்ணைக் கட்டிக்கொண்டு அடிப்பவர் விசுவாசத்தையும், உதிரும் பழமும் மிட்டாயும் இறையருளையும் குறிக்கின்றன. மரியாவும் யோசேப்பும் தங்குமிடம் தேடியதை நினைவுகூர்ந்து டிசம்பர் 16 முதல் 24 வரை நடைபெறும் ‘போசாதா’ மாலைகளுக்கே உரியது அது. ஆனால், உடைபட்டால்தான் அதன் பொருள் நிறைவேறும். மரத்தில் தொங்கும் காகிதச் சிற்றுருவை யாரும் அடிப்பதில்லை. ஏழு பாவங்களும் பத்திரமாக ஜனவரி வரை ஆடிக்கொண்டிருக்கின்றன!

அலெப்ரிஹே உருவங்களுக்குக் கிறிஸ்துமஸோடு தொடர்பே இல்லை. மெக்சிகோ நகரின் காகிதக்கூழ்க் கலைஞர் பெத்ரோ லினாரெஸ் 1936இல் நோயுற்றுக் கிடந்தபோது கனவில் கண்ட விந்தை விலங்குகள் அவை. பின்னர் வாஹாகா மாநிலத்து மரச்செதுக்குக் கலைஞர்கள் ‘கோபால்’ (copal) எனும் மரத்தில் செதுக்கிய உருவங்களுக்கும் அப்பெயர் வழங்கலாயிற்று. நிறங்களின் நேர்த்தியில் அவற்றுக்கு ஈடில்லை. எனினும் நிற்கவைத்துச் சுற்றிப் பார்க்க வேண்டியவற்றை ஊசியிலைகளுக்கிடையே புதைப்பது வீண்.

மரத்துக்கென்றே பிறந்தது மிச்சோகான் மாநிலத்துத் த்லால்புஹாவாவின் ஊதுகண்ணாடி உருண்டை மட்டுமே. சுரங்கத் தொழில் நொடித்த அவ்வூரில் 1960களில் இத்தொழில் தொடங்கியது. கண்ணாடிக் குழாயைச் சுடரில் இளக்கி ஊதி, உட்புறம் வெள்ளிப்பூச்சிட்டு, வெளியே கையால் வரைகிறார்கள். அதற்கெனப் பழைய குறியீடு ஏதுமில்லை. வரையப்படும் பூவோ பறவையோதான் அதற்குப் பொருள் தருகிறது. ஒளியில் தகரத்தை மிஞ்சினாலும், கைதவறினால் நொறுங்கிவிடும் என்பதால், அதை விளக்குச்சரத்தை ஒட்டிய உட்கிளைகளில் மாட்டி, வெளிக்கிளைகளைத் தகர இதயங்களுக்கு விடுவேன்.