'அன்நோன் கமாண்ட்' வந்தால் ஐகானா, ரீசெட்டா, ரீஇன்ஸ்டாலா?

மின்சுற்றுப் படம் வரையும் மென்பொருளான ஆட்டோகேட் எலக்ட்ரிக்கலில் வயர் இழுக்க ஏஇவயர் (AEWIRE) என்ற கட்டளையை அடிக்கிறீர்கள். 'அன்நோன் கமாண்ட்', அதாவது தெரியாத கட்டளை என்கிறது. பக்கத்து சீட்டில் இருப்பவர் மூடிவிட்டு ஐகானில் திறக்கச் சொல்வார், சீனியர் செட்டிங்கையெல்லாம் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும் ரீசெட்டை அடிக்கச் சொல்வார், சிஸ்டம் பார்க்கிறவர் மென்பொருளை எடுத்துவிட்டுத் திரும்பப் போடலாம் (ரீஇன்ஸ்டால்) என்பார். மூன்றிலும் பலன் உண்டு. ஆனால் முதலாவது ஒரு நிமிட வேலை, கடைசியில் சொன்னது அரை நாளைத் தின்னும்.

என் ஓட்டு ஐகானுக்கு. 2019 பதிப்பிலிருந்து எலக்ட்ரிக்கல், ஆட்டோகேடுக்குள் ஒரு டூல்செட், அதாவது கூடுதல் கருவித் தொகுப்பு. இரண்டும் ஓடுவது ஒரே நிரலில்தான். ஐகானுக்குப் பின்னால் இருக்கும் ஷார்ட்கட்டின் டார்கெட் வரியில் 'புராடக்ட்' (/product) என்ற சுவிட்சும் எலக்ட்ரிக்கலின் குறியீடும் இருந்தால்தான் ஏஇ கட்டளைகள் வரும். படத்தை டபுள் கிளிக் செய்தால் அது எப்போதும் எலக்ட்ரிக்கலில்தான் திறக்கும் என்று சொல்ல முடியாது. லைன் கட்டளை வேலை செய்கிறது, ஏஇவயர் செய்யவில்லை, ரிப்பனில் ஸ்கீமாட்டிக், பேனல் டேப்கள் இல்லை என்றால் நீங்கள் இருப்பது வெறும் ஆட்டோகேடில். மூடிவிட்டு எலக்ட்ரிக்கல் ஐகானைத் தொடுங்கள். ஆட்டோகேடின் எளிய பதிப்பான எல்டியிலோ மேக்கிலோ தேடிக்கொண்டிருப்பவர்கள் தேடலை நிறுத்தலாம். இந்த டூல்செட் அங்கே கிடையாது.

டேப்கள் இருந்தும் கட்டளை மறுத்தால் ரீசெட் பக்கம் கை போகும். உங்கள் செட்டிங் தொகுப்பான புரொஃபைலோ மெனு கோப்போ கெட்டிருந்தால் அது நல்ல மருந்து. படங்களையும் புராஜெக்ட் கோப்பையும் தொடாது. ஆனால் சப்போர்ட் பாத் (மென்பொருள் கோப்புகளைத் தேடும் ஃபோல்டர்கள்), நம்பகப் பாதைகள் (நிரலை நம்பி லோட் செய்யும் ஃபோல்டர்கள்), நீங்கள் மாற்றிய மெனு எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும். சிம்பல் லைப்ரரியை சர்வரில் வைத்திருக்கும் ஆபீஸில் அந்தப் பாதைகளை மறுபடி ஒவ்வொன்றாகக் கொடுத்து முடிப்பதற்குள் பொழுது போய்விடும். பேக்கப் எடுக்கவா என்று அதுவே கேட்கும், வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

மறுப்பது உங்கள் கம்பெனி லிஸ்ப் என்ற ஆட்டோகேட் நிரல்மொழியில் எழுதிக்கொண்ட கட்டளை மட்டும் என்றால் ரீசெட் தேவையே இல்லை. எந்த நிரலை லோட் செய்யலாம் என்று தீர்மானிக்கும் செக்யூர்லோட் (SECURELOAD) என்ற மாறி 2-இல் இருந்தால், நம்பகப் பாதைக்கு வெளியே உள்ள லிஸ்ப் கோப்பு லோட் ஆகாது. 1-இல் இருந்தால் கேட்டுவிட்டு லோட் செய்யும்; அவசரத்தில் யாராவது 'வேண்டாம்' அழுத்தியிருப்பார்கள். ஆப்ஷன்ஸில் நம்பகப் பாதைகளோடு அந்த ஃபோல்டரைச் சேர்த்தால் போதும். 'நோ ஃபங்ஷன் டெஃபனிஷன்' என்று வந்தால் லிஸ்புக்குள்ளேயே ஏதோ ஒரு துணை நிரல் லோட் ஆகவில்லை. ஐகானையோ ரீசெட்டையோ குறை சொல்லிப் பயனில்லை.

ரீஇன்ஸ்டால்தான் அதிகம் பரிந்துரைக்கப்படுவது, குறைவாகத் தேவைப்படுவதும் அதுதான். நிரல் கோப்பு காணாமல் போயிருந்தால் சரி. அதற்கும் முதலில் ரிப்பேர் போதும். சாதாரணமாக அன்இன்ஸ்டால் செய்தால் பயனர் ஃபோல்டரில் உள்ள செட்டிங் அப்படியே தங்கிவிடும். கோளாறு அங்கே இருந்தால் புதிதாகப் போட்ட மென்பொருளும் அதே பிழையைத்தான் காட்டும்.

லிஸ்ப் வைரஸ் விஷயமும் அப்படியே. 2012-இல் ஈசெட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் கண்டுபிடித்த மெட்ரே என்ற புழு பெருவில் அதிகம் பரவி, ஆட்டோகேட் படங்களையே மின்னஞ்சலில் கடத்தியது. அந்த ஜாதியில் வேறு சில, எக்ஸ்ப்ளோட், எக்ஸ்ரெஃப் போன்ற கட்டளைகளை அன்டிஃபைன் செய்து, செயலிழக்க வைத்துவிடும். அந்த லிஸ்ப் கோப்பு கிடப்பது படம் இருக்கும் ஃபோல்டரில். மென்பொருளை எத்தனை முறை போட்டாலும் அது அசையாது. கட்டளைக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து அடித்துப் பாருங்கள். அப்போது ஓடினால் ரீடிஃபைன் கட்டளையால் அதை மீட்டுவிட்டு, ஃபோல்டரில் நீங்கள் வைக்காத லிஸ்ப் கோப்பைத் தேடுங்கள்.

கட்டளைகள் எல்லாம் ஓடி, உதிரிபாகப் பட்டியலான கேட்லாக் மட்டும் திறக்க மறுத்தால் அது வேறு கதை. கேட்லாக் மைக்ரோசாஃப்டின் தரவுத்தளமான ஆக்சஸ் கோப்பாக இருந்தால், 32 பிட் ஆபீஸும் 64 பிட் ஆக்சஸ் இன்ஜினும் ஒரே கணினியில் மோதிக்கொள்வது வழக்கம். அப்போது பார்க்க வேண்டியது ஆட்டோகேடை அல்ல, ஆபீஸை.