கேட்டில் ஐ.பி. போர்டைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள்: அண்ணன் மகளுக்கு நடந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பள்ளியைக் கைகாட்டியது நான்தான். அண்ணனும் அண்ணியும் மஸ்கட்டில் இருக்கிறார்கள். பாப்பா அங்கேயே சிபிஎஸ்இ-யில் பத்தாவது முடித்தாள். மேற்கொண்டு இந்தியாவில் ஹாஸ்டலில் விட்டுப் படிக்க வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, ஓசூரில் இருக்கிற சித்தப்பன் ஆச்சே என்று நான் நாலு பள்ளிகளுக்கு நேரில் போய், அதில் கர்நாடக எல்லையைத் தாண்டி ஒன்றரை மணி நேரத் தூரத்தில் உள்ள ஒன்றைப் பிடித்துப்போய், குதிரை லாயம், நீச்சல் குளம், ஏசி போட்ட டைனிங் ஹால் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அனுப்பினேன். பாடம் நடத்துகிற வகுப்பறையை மட்டும் எடுக்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. பள்ளியின் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அட்மிஷன் அறையில் நான் இரண்டே கேள்விகள் கேட்டேன். ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியட் என்கிற சர்வதேசப் பாடத்திட்டம்) உண்டா என்பது ஒன்று. "நாங்க வேர்ல்டு ஸ்கூல் சார்" என்று அந்தம்மா ஜன்னல் வழியாகக் கேட்டில் இருந்த பெரிய போர்டைக் காட்டினார். பாப்பா டாக்டராக வேண்டும் என்கிறாள், நீட் எழுத முடியுமா என்பது இரண்டாவது. "பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூணும் தர்றோம், நீட் கோச்சிங்கும் கேம்பஸ்லயே" என்றார். வருடத்துக்கு 9.8 லட்சம், அதில் முதல் தவணை 60 சதவீதம், காப்புத்தொகை 1 லட்சம், யூனிஃபார்ம், துணி துவைக்க, அது இது என்று இன்னொரு 45,000. அண்ணன் அன்றைக்கே பணம் அனுப்பிவிட்டான். பதினோராவது ஐ.பி.-யில் நாங்கள்தான் முதல் பேட்ச் என்றார்கள். நானும் 'பரவாயில்லை, 14 பிள்ளைகள்தான், நன்றாகக் கவனிப்பார்கள்' என்று அண்ணியிடம் சொன்னேன். அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மாதத்தில் இரண்டாவது ஞாயிறு அவுட்டிங். லோக்கல் கார்டியன் அட்டையைக் காட்டி, கையெழுத்துப் போட்டு, காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை அழைத்துப் போகலாம். மற்ற ஞாயிறுகளில் அரை மணி நேரம் போன், அதுவும் வார்டன் எதிரில். அதனால் எதுவும் எங்களுக்கு உடனே தெரியவரவில்லை. அக்டோபர் அவுட்டிங்கில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "சித்தப்பா, கேண்டிடேட்னா பரீட்சை எழுதற நாங்கதானே? இங்க ஸ்கூலையே கேண்டிடேட்னு போட்டிருக்காங்க." கோஆர்டினேட்டர் அறையில் ஏதோ ஒரு கடிதத்தில் பார்த்தாளாம். எனக்குப் புரியவில்லை. ஏதாவது வேறு அர்த்தமாக இருக்கும், சாப்பிடு என்றேன்.

வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. பீரோவில் கிடந்த ப்ராஸ்பெக்டஸை எடுத்துப் புரட்டினேன். பின் அட்டையில், முகவரிக்கும் கீழே, எறும்பு அளவு எழுத்தில் இருந்தது: டிப்ளமாவுக்கு (பதினொன்று, பன்னிரண்டுக்கான ஐ.பி. படிப்பு) இந்தப் பள்ளி கேண்டிடேட் பள்ளி, அதாவது அங்கீகாரம் கேட்டுக் காத்திருக்கிற பள்ளி, அங்கீகாரம் பெற்ற பள்ளிகள்தான் ஐ.பி. பாடத்திட்டத்தை நடத்தலாம், கேண்டிடேட் என்பதற்காக அங்கீகாரம் கிடைத்துவிடும் என்று உத்தரவாதம் இல்லை என்று. இதைப் பள்ளி தானாகச் சொல்லவில்லை, கேண்டிடேட் பள்ளிகள் இப்படிப் போட்டே ஆக வேண்டும் என்பது ஐ.பி. அமைப்பின் விதி. ஆக எங்களிடம் சொல்லாமலும் இல்லை, படிக்கிற மாதிரி சொல்லவும் இல்லை.

ஐ.பி. என்பது ஒரே படிப்பு இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு பி.ஒய்.பி., நடு வகுப்புகளுக்கு எம்.ஒய்.பி., கடைசி இரண்டு வருடத்துக்கு டிப்ளமா, அப்புறம் தொழில் சார்ந்த ஒன்று என்று நான்கு. ஒவ்வொன்றுக்கும் பள்ளி தனித்தனியாக அங்கீகாரம் வாங்க வேண்டும். ஒன்றுக்கு வாங்கிவிட்டாலே வேர்ல்டு ஸ்கூல் என்று போர்டு வைத்துக்கொள்ளலாம். இவர்களிடம் இருந்தது பி.ஒய்.பி. மட்டும். அதாவது கேட்டில் இருந்த போர்டு உண்மை, ஆனால் அது ஐந்தாவது படிக்கிற பிள்ளைக்கான உண்மை. ஐ.பி. அமைப்பின் இணையதளத்திலேயே பள்ளி பெயரைப் போட்டுத் தேடலாம், எந்தெந்தப் படிப்புக்கு அங்கீகாரம் என்று வரும், இரண்டு நிமிட வேலை. பத்து லட்சத்துக்கு மேல் கட்டுவதற்கு முன்னால் அந்த இரண்டு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை. நான்காயிரம் ரூபாய் மிக்ஸி வாங்க ஒரு வாரம் விசாரிக்கிற ஆள் நான்.

நீட் விஷயம் இதைவிட மோசம். டிப்ளமாவில் ஆறு பாடம். முதல் மொழி, இரண்டாம் மொழி, சமூகவியல் பாடம் ஒன்று, அறிவியல் ஒன்று, கணக்கு, ஆறாவது கலைப் பாடம். அந்த ஆறாவதை வேண்டுமானால் விட்டுவிட்டு இன்னொரு அறிவியலை எடுத்துக்கொள்ளலாம். எண்ணிப் பாருங்கள், இரண்டு அறிவியலுக்குமேல் இடமே இல்லை. மூன்றும் வேண்டும் என்றால், சேரப்போகும் பல்கலைக்கழகம் அப்படிக் கேட்கிறது என்று காட்டி ஐ.பி.-யிடம் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும், அதைப் பள்ளிதான் கேட்டு வாங்கித் தர வேண்டும். அங்கீகாரமே இல்லாத பள்ளி எங்கே போய் அனுமதி கேட்கும்? பிள்ளையை டாக்டராக்க நினைத்து ஐ.பி. பக்கம் போகிறவர்கள் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சரி, பாடமாவது நடந்ததா? பாப்பாவுக்கு டைரி எழுதுகிற பழக்கம் உண்டு. கெமிஸ்ட்ரி அவளுக்கு ஹையர் லெவல், அதற்கு இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் வகுப்பு வேண்டும் என்பது ஐ.பி. கணக்கு (ஸ்டாண்டர்டு லெவல் என்றால் 150). ஆகஸ்டிலிருந்து நவம்பர் முடிய அவள் டைரிப்படி நடந்தது 19 மணி நேரம். செப்டம்பரில் கெமிஸ்ட்ரி சார் போய்விட்டார், அப்புறம் ஹாலில் உட்கார வைத்து வீடியோ போட்டிருக்கிறார்கள். பிசிக்ஸுக்கு நாலு மாதத்தில் மூன்று பேர் மாறினார்கள். பாட்டு, விளையாட்டு, சேவை என்று 18 மாதம் தொடர்ந்து செய்ய வேண்டிய காஸ் என்று ஒன்று உண்டு, அது மட்டும் அமோகமாக நடந்தது. பக்கத்துக் கிராமப் பள்ளிக்கு பேனரோடு கூட்டிப்போய் அரை மணி நேரம் மரக்கன்று நட்டார்கள், ஒரு மணி நேரம் போட்டோ எடுத்தார்கள். அதில் ஒரு போட்டோவில் பாப்பா சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அடுத்த வருட ப்ராஸ்பெக்டஸில் அது இருக்கிறது.

அண்ணன் டிசம்பரில் லீவு போட்டு வந்தான். பிரின்சிபால் காபி கொடுத்து, "பிராசஸ்ல இருக்கு சார், ஜனவரில விசிட் வர்றாங்க" என்றார். பிப்ரவரியில் பெற்றோருக்குக் கடிதம் வந்தது: இந்த பேட்சுக்கு டிப்ளமா இல்லை, தேசிய திறந்தநிலைப் பள்ளித் தேர்வையோ தனித்தேர்வராக கேம்பிரிட்ஜ் ஏ லெவலோ எழுதலாம், கட்டணத்தில் மாற்றமில்லை. கட்டணத்தில் மாற்றமில்லை என்ற வரியைப் படித்துவிட்டு அண்ணி போனிலேயே அழுதுவிட்டாள். வேறு பள்ளிக்கு மாற்றலாம் என்றால், சிபிஎஸ்இ-யில் பதினோராவது ஏப்ரலில் தொடங்கி அப்போது முழு ஆண்டுத் தேர்வே வந்துவிட்டது. ஒரு வருடம் போனது போனதுதான்.

வெளியே வருவதிலும் தொல்லை. மூன்றாம் தவணையைக் கட்டினால்தான் டி.சி. என்றார்கள். பத்தாவது மதிப்பெண் சான்றிதழின் அசலையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். சேர்க்கும்போது 'சரிபார்க்க' என்று வாங்கியது, நானும் கேட்காமல் விட்டிருந்தேன். நல்ல வேளை, சிபிஎஸ்இ மார்க்‌ஷீட் டிஜிலாக்கரில் இருந்தது. டி.சி.க்கு மட்டும் ஐந்து வாரம் அலைந்தேன். காப்புத்தொகையும் வரவில்லை, ஒரு டெர்முக்கு முன்பே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டுமாம், அண்ணன் கையெழுத்துப் போட்ட படிவத்தின் 14-ஆம் பக்கத்தில் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று கிளம்பினேன். கல்வி நிறுவனங்கள் தருவது சேவை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் ஒரு பல்கலைக்கழக வழக்கில் சொல்லியிருப்பதை எடுத்துக்காட்டித் தட்டிவிடுவார்கள், சிவில் வழக்குதான் என்று வக்கீல் சொல்லிவிட்டார். நோட்டீஸ் போயிருக்கிறது, பதில் இல்லை.

ஐ.பி.யே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. கொடைக்கானலில் 1901-ல் தொடங்கிய பள்ளியில் 1976-லிருந்தே டிப்ளமா இருக்கிறது, இந்தியாவிலேயே முதலில் அங்கேதான் வந்தது. அந்த மாதிரி இடங்களில் போன மே மாதம் எத்தனை பேர் எழுதினார்கள், மொத்த மதிப்பெண் 45-க்கு எவ்வளவு வாங்கினார்கள் என்று கேட்டால் கையில் பதில் இருக்கும். நான் போன இடத்தில் கேட்டிருந்தால் எழுதியவர்களே இல்லை என்று தெரிந்திருக்கும்.

பாப்பா இப்போது எங்கள் வீட்டிலிருந்து ஓசூரிலேயே சிபிஎஸ்இ பள்ளியில் திரும்பவும் பதினோராவது படிக்கிறாள். அவளோடு மஸ்கட்டில் படித்த பிள்ளைகள் பன்னிரண்டாவதில் இருக்கிறார்கள், அந்த வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. டி.சி. கூரியரில் வந்த அன்று அவள்தான் உறையைப் பிரித்தாள். நடத்தை: நன்று. படித்த வகுப்பு: பதினொன்று, ஐ.பி. டிப்ளமா முதலாமாண்டு. அதைப் பார்த்துவிட்டு வக்கீல், "இதை லேமினேட் பண்ணாதீங்க, அசலா எனக்கு வேணும்" என்றார்.