டிகின்டர் என்ட்ரி பாக்ஸ்: இலவசம்தான், ஆனால் தப்பை வாய்திறந்து சொல்லாது

பெங்களூரில் பைத்தான் கற்றுக்கொண்டு முதல் விண்டோ போடப் பார்க்கிறவர்களுக்கு டிகின்டர் என்ற லைப்ரரியைத் தாராளமாகச் சொல்லலாம். விண்டோஸில் பைத்தானோடு சேர்ந்தே வந்துவிடும். உபுண்டுவில் பைத்தான்3-டிகே பேக்கேஜைத் தனியாகப் போட வேண்டும். லேபிள், பட்டன் எல்லாம் சமர்த்து. படுத்துவது, நாம் அடிப்பதை வாங்கிக்கொள்ளும் என்ட்ரி பாக்ஸ்தான்.

இந்த ஊருக்கு ஏற்ற புரோகிராம் ஒன்று: மாத வாடகையை அடித்தால் பத்து மாத அட்வான்ஸ் வர வேண்டும். 18000 என்று அடித்துப் பட்டனைத் தட்டினால் 1,80,000 வராது. 18000 என்பதே பத்து முறை ஒட்டிக்கொண்டு 50 இலக்கத்துக்கு நீளும். அல்சூரில் எவ்வளவு கறாரான ஓனரும் அவ்வளவு கேட்க மாட்டார். பாக்ஸில் அடித்ததை எடுக்கும் கெட்() தருவது எப்போதுமே ஸ்ட்ரிங், அதாவது எழுத்து வரிசை. எண்ணாக மாற்றும் இன்ட்()-க்குள் போட்ட பிறகே பெருக்க வேண்டும். பாக்ஸ் காலியாக இருந்தாலும், 18,000 என்று கமா போட்டாலும் வேல்யூ எரர்தான். கமாவை ரிப்ளேஸ்() கொண்டு எடுத்துவிட்டு, எண்ணாக மாற்றும் வரியை, எரரைப் பிடிக்கும் ட்ரை-எக்செப்ட்டுக்குள் வையுங்கள். வேடிக்கை என்னவென்றால், ௧௮௦௦௦ என்று தமிழ் எண்ணில் அடித்தால் இன்ட்() மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும்.

பாக்ஸ் திரையில் தெரிகிறது, ஆனால் நன்டைப்பில் கெட் இல்லை என்று எரர் வருகிறதா? பாக்ஸை உருவாக்கும் என்ட்ரி(), அதைத் திரையில் வைக்கும் பேக்() இரண்டையும் ஒரே வரியில் கோத்திருப்பீர்கள். பேக்() திருப்பித் தருவது நன், அதாவது ஒன்றுமில்லை. வேரியபிளில் போய் உட்கார்வது அதுதான். தனித்தனி வரியாகப் பிரித்தால் சரியாகிவிடும்.

கெட்() தருவது எப்போதும் காலியாகவே வந்தால், பட்டனின் கமாண்டில் ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் விண்டோ வருவதற்குள்ளேயே ஃபங்ஷன் ஓடி முடிந்திருக்கும். அங்கே கோளாறு இல்லையென்றால் முதன்மை விண்டோவை உருவாக்கும் டிகே() இரண்டு முறை வந்திருக்கும்: இரண்டாவது விண்டோவுக்குப் போட்ட, பாக்ஸின் எழுத்தை வைத்திருக்கும் ஸ்ட்ரிங்வார் முதல் விண்டோவோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாவதற்கு டாப்லெவல்() போதும். ரீட்ஒன்லி (படிக்க மட்டும்) பாக்ஸில் இன்செர்ட்() செய்தாலும் எழுத்து ஏறாது, எரரும் வராது.

அடிப்பதைச் சோதிக்க வேலிடேட்கமாண்டில் கொடுத்த ஃபங்ஷன் ட்ரூ, ஃபால்ஸ் இரண்டில் ஒன்றைத் திருப்பாவிட்டால் சோதனையே அணைந்துவிடும். பிறகு எதை அடித்தாலும் உள்ளே போகும்.

தமிழில் பெயர் வாங்குகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. ‘தமிழ்’ என்பது நீளத்தை எண்ணும் லென்() கணக்கில் 3 அல்ல, 5. எழுத்து வரம்பை அதற்கேற்ப வையுங்கள். லினக்ஸில் டிகின்டருக்கு அடியில் ஓடும் டிகே 8.6 எழுத்துகளைக் கோக்காது: ‘பெங்களூர்’ என்று அடித்தால் கொம்பு ‘ப’வுக்குப் பின்னால் போய் நிற்கும். விண்டோஸில் இந்தத் தொல்லை இல்லை.

ஐந்துக்கு மூன்றரை. லினக்ஸில் தமிழ் ஃபார்ம்தான் வேண்டும் என்றால் மல்லுக்கட்ட வேண்டாம், பைக்யூட்டி என்ற மாற்று லைப்ரரியைப் போட்டுக்கொள்ளுங்கள்.