இருமுனை அம்புக்குறியோடு இரண்டு வருடம்

பெங்களூரு வைட்ஃபீல்டு அலுவலகத்தில் சேர்ந்த புதிதில், கூட்டம் ரத்தானதை வாடிக்கையாளருக்கு 'வீ ஹேவ் கால்டு ஆஃப் இட்' என்று எழுதிவிட்டேன். டீம் லீட் 'கால்டு இட் ஆஃப்' என்று திருத்தினார். காரணம் கேட்டால் 'அப்படித்தான் வரும்' என்றார். சரி, அப்படியானால் 'லுக் அட் இட்' மட்டும் ஏன் 'லுக் இட் அட்' ஆவதில்லை? அன்று முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அல்சூரிலிருந்து மெட்ரோவில் போகும்போது லாங்மன் ஆன்லைன் அகராதியைப் பார்க்கத் தொடங்கினேன். இரண்டு வருடத்தில் அதிகம் உதவியது அதிலுள்ள ஒரு சின்னக் குறி. 'டர்ன் சம்திங் ஆஃப்' என்ற பதிவில் சம்திங்குக்கும் ஆஃபுக்கும் நடுவே இருபக்கமும் முனையுள்ள அம்பு இருக்கும். இரண்டும் இடம் மாறலாம், ஆகவே ஆஃப் ஒரு பார்ட்டிகிள், அதாவது வினையின் பகுதியாக வரும் சின்னச் சொல். 'லுக் அட் இட்'டில் இடம் மாறாத அட் ப்ரிபோசிஷன், பெயருக்கு முன்னால் வரும் சொல். 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்' இரண்டுமே சரி. 'இட்', 'தெம்' மாதிரிப் பிரதிப்பெயர் வந்தால் மட்டும் அது நடுவில்தான் உட்காரும்.

முதல் சில மாதங்கள், வினையின் பொருள் மாறினால் பார்ட்டிகிள் என்று பிரிக்கப் பார்த்தேன், அது வீண். 'லுக் ஆஃப்டர்' என்றால் கவனித்துக்கொள்வது. பொருள் அடியோடு மாறியும் ஆஃப்டர் ப்ரிபோசிஷன்தான், 'லுக் ஆஃப்டர் ஹர்' என்றே வரும்.

தமிழோடு வைத்துப் பார்த்த பிறகே எனக்குத் தெளிந்தது. ப்ரிபோசிஷன் நம் வேற்றுமை உருபைப் போலப் பெயரைப் பிடித்துக்கொள்கிறது. பார்ட்டிகிள் வினையைப் பிடித்துக்கொள்கிறது, நம் துணைவினை மாதிரி. 'ட்ரிங்க் இட் அப்' என்றால் குடித்துவிடு. பக்கத்து சீட் கன்னட நண்பரிடம் சொன்னதும் 'குடிதுபிடு' என்றார், முகமெல்லாம் மலர்ந்து. எல்லாப் பார்ட்டிகிளும் 'விடு' ஆகாது, ஆனால் எது எதோடு சேர்கிறது என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. 'ரன் அப் எ ஹில்' என்பதில் அப் குன்றோடு சேர்கிறது. பில்லை ஏற்றிக்கொண்டே போவதைச் சொல்லும் 'ரன் அப் எ பில்' என்பதில் ரன்னோடு.

அம்புக்குறியை மட்டும் நம்பவும் கூடாது. 'த பஸ் ப்ரோக் டவுன்' என்பதில் செயப்படுபொருளே இல்லை, அம்புக்கு வேலையில்லை. ஆனாலும் டவுன் பார்ட்டிகிள்தான். 'புட் அப் வித் இட்' என்பதில் அப் பார்ட்டிகிள், வித் ப்ரிபோசிஷன்.

இப்போது அலுவலக போன் அழைப்புகளில் காதே பாதி வேலையைச் செய்கிறது. 'டர்ன் இட் ஆஃப்' என்னும்போது ஆஃப் அழுத்தி விழுகிறது. 'லுக் அட் இட்' என்பதில் அட் லேசாக நழுவிப் போகிறது.