மின்னூல்: கிண்டிலா, நேரடி விற்பனையா?

கோலாலம்பூரில் சொந்தமாக மின்னூல் போடுவோர் தடுமாறும் இடம் இது: அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் விற்பதா, வாசகருக்கு நேரடியாக விற்பதா?

வரவு, கிண்டில்: விலை 2.99 டாலர், கோப்பு 2 எம்பி. கோப்பை வாசகருக்கு அனுப்பும் கட்டணம் 0.30 போக, எழுத்தாளர் பங்கு 70 விழுக்காட்டில் 1.88. அமெரிக்க விற்பனைக்கு 30 விழுக்காடு வரி பிடிப்பார்கள், மிஞ்சுவது 1.32. மலேசிய வாசகர் வாங்கினால் பங்கே 35 விழுக்காடுதான்.
வரவு, நேரடி: டூயிட்நவ் என்ற மலேசிய உடனடிப் பணப் பரிமாற்றம் வழி 15 ரிங்கிட் வந்தால் முழுதும் உங்களுக்கே.

செலவு: அட்டை, பிழைதிருத்தம் இரு வழிக்கும் பொது. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

சிக்கல்: கிண்டிலில் பழைய எழுத்துரு சிதையும், யூனிகோடு என்ற பொதுக் குறிமுறைக்கு மாற்றியே ஏற்றுங்கள். நேரடியில் பிடிஎஃப் வாட்சாப் குழுக்களில் இலவசமாகச் சுற்றும்.

உள்ளூர் வாசகருக்கு நேரடி, வெளிநாட்டு வாசகருக்குக் கிண்டில். ஆனால் இந்திய விற்பனையில் 70 விழுக்காடு வேண்டுமென்று கேடிபி செலக்ட் என்ற அமேசான் திட்டத்தில் சேர்ந்தால், அந்த மின்னூலை வேறெங்கும் விற்கக்கூடாது.