எச்சரிக்கை: ஒரு குழாய் ரத்தத்தில் பதினைந்து புற்றுநோய் தெரியும் என்றார்கள், 14,800 ரூபாய் போயிற்று

முந்தாநாள் மாலை வரை எனக்குப் புற்றுநோய் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். கோபிசெட்டிபாளையம் பக்கத்தில், வீட்டுக்கே ஆள் அனுப்பி ரத்தம் எடுக்கும் ஒரு பரிசோதனைக் கூடத்திடம் ஏமாந்திருக்கிறேன். பெயர் போட்டால் வம்பு வரும் என்று வீட்டுக்காரர் தடுப்பதால் போடவில்லை.

என் சித்தி சினைப்பைப் புற்றுநோயில் போனவர். அந்தப் பயத்தை, அவர்கள் நடத்திய இலவசச் சர்க்கரை முகாமில் நானே வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையிலேயே ஐஸ் பெட்டியோடு வண்டியில் வந்து இறங்கிய தம்பி, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல், "பயப்படாதீங்க அக்கா, எங்கம்மாளுக்கும் இதேதானுங்க எடுத்தேன்" என்றான். அந்த 'எங்கம்மாள்' என்ற ஒரு சொல்லில்தான் நான் விழுந்தேன். பதினைந்து புற்றுநோய்க்கும் பார்க்கிற தொகுப்புக்கென்று, சீட்டுப் பணத்திலிருந்து 5,900 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். வயது, எடை, சர்க்கரை மாத்திரை என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டவன், அன்று எனக்கு மாதவிடாயா என்று கேட்கவில்லை. அது இரண்டாம் நாள். சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியாது.

அன்றிரவே ரிப்போர்ட் வந்தது. சினைப்பைப் புற்றுநோய்க்கென்று பார்த்த சிஏ 125 என்ற புரதம் 35க்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு 71, சிவப்பு எழுத்தில். அரை மணி நேரத்தில் ஒரு பெண் அழைத்து, "தள்ளிப்போடாதீங்க, உடனே உறுதி பண்ணிக்கோணுங்க" என்று 8,900 ரூபாய்க்கு இன்னொரு தொகுப்பைச் சொன்னார். மூன்று நாள் கழித்து அதே புரதத்தை மறுபடி பார்த்து 66 என்றார்கள். ஆக 14,800 ரூபாய்.

கோயம்புத்தூரில் பார்த்த மகப்பேறு மருத்துவர் தாளைப் புரட்டுவதற்கு முன்பே கேட்டது, ரத்தம் எடுத்த அன்று தீட்டா என்பதைத்தான். சிஏ 125 புற்றுநோயில் மட்டும் ஏறுகிற புரதம் அல்ல. மாதவிடாய், கர்ப்பம், கர்ப்பப்பைக் கட்டி, கர்ப்பப்பை உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் ஆகியவற்றிலும் ஏறும், முதல் கட்டச் சினைப்பைப் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏறாமலும் இருக்கும் என்று அவர் விளக்கினார். நோய் உறுதியானவர்களுக்குச் சிகிச்சை பலிக்கிறதா என்று பின்தொடரவே அது பெரிதும் உதவுகிறதாம். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து நடத்திய ஆய்வில், ஆண்டுதோறும் இந்தப் பரிசோதனையைச் செய்தும் சினைப்பைப் புற்றுநோய்ச் சாவு குறையவில்லை என்று 2021இல் முடிவு வந்ததையும் சொன்னார். பிறகு ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையில் ஒரு சாதாரண நார்க்கட்டி, சினைப்பை இரண்டும் சுத்தம். தாளைத் திருப்பித் தரும்போது ஒரு வரியைக் காட்டிச் சிரித்தார்: பதினைந்தில் ஒன்று பிஎஸ்ஏ, ஆண்களின் புராஸ்டேட்டுக்குப் பார்ப்பது. அதற்கும் சேர்த்துத்தான் நான் காசு கட்டியிருக்கிறேன்!

பணத்தைத் திருப்பிக் கேட்டு அழைத்தால், "டாக்டர் மீட்டிங்கில இருக்காருங்க" என்றார்கள். மறுநாள், "ரிப்போர்ட்டுக்குக் கீழயே போட்டிருக்கோமுங்களே, மருத்துவரைக் கலந்துக்கோணும்னு" என்று வேறொரு குரல். உண்மைதான், எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு வரி இருக்கிறது. ஆனால் 8,900 ரூபாய் கேட்டு அழைத்தபோது அந்த வரியை எவரும் வாசித்துக் காட்டவில்லை. ரத்தம் எடுத்த தம்பியோ, "நான் எடுத்துக் குடுக்கறதோட சரிங்க அக்கா" என்றான். நேற்று மதியத்திலிருந்து வாட்ஸ்அப்பில் அவன் படமும் இல்லை, நான் அனுப்புவதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அந்த 14,800 ரூபாய், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக மாதாமாதம் கட்டிய சீட்டு.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. மருத்துவர் எழுதித் தராமல் எந்தப் புற்றுநோய்ப் புரதப் பரிசோதனையும் எடுக்காதீர்கள். தொலைபேசியில் அவசரப்படுத்தினால் வைத்துவிடுங்கள். பரிசோதனையில் எண் இயல்பாக வந்தாலும், வயிறு உப்பலோ மாறான உதிரப்போக்கோ இருந்தால் மருத்துவரிடம் போங்கள். பில் வாங்குங்கள், என்னிடம் ஜிபே படம் மட்டுமே இருக்கிறது. அதை வைத்துத்தான் இன்று காலை 1915 என்ற நுகர்வோர் எண்ணில் 14,800 ரூபாய்க்குப் புகார் கொடுத்திருக்கிறேன்.