சுங்கை சிப்புட் சின்ன முதலாளிக்கு சொக்சோ சேவை எப்படி?

டயர் கடையோ, ஒட்டுக்கடையோ, செம்பனைக் குலை ஏற்றும் லோரியோ, ஒரே ஓர் ஆளை வேலைக்கு வைத்தாலும் 30 நாளுக்குள் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் பதிய வேண்டும். "நாலு பேர்தானே" என்ற கணக்கு செல்லாது. பெர்மிட்டில் வந்த வெளிநாட்டு ஆளும் 2019 ஜனவரியிலிருந்து இதற்குள்தான்.

சொக்சோவின் 'அசிஸ்ட்' இணையத்தளம் நன்றாகவே வேலை செய்கிறது. சம்பளத்தைத் தட்டினால் சந்தாவை அதுவே போட்டுக் கொடுக்கும். 1,700 வெள்ளிக்கு முதலாளி பங்கு 28.85, தொழிலாளி பங்கு 8.25, வேலை போனால் உதவும் வேலைக் காப்புறுதிக்கு இருவரும் தலா 3.30. ஆக 43 வெள்ளி 70 காசு, அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள். தமிழில் பக்கம் இல்லாதது குறை. அதைவிட, தப்பு பெரும்பாலும் தட்டுகிற எண்ணில்தான் நடக்கிறது. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் போடுகிறார்கள். ஓவர்டைம், கமிஷன் எல்லாம் சேரும். ஆண்டு போனஸ் சேராது.

சட்டம் கடுமையானதுதான்: 10,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தாமதத்துக்கு ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி. ஆனால் பதியவே பதியாத கடை எளிதில் கண்ணில் படாது. அதிகாரி நேரில் வந்தாலோ, யாராவது புகார் கொடுத்தாலோ, வேலையாள் அடிபட்டாலோதான் பெரும்பாலும் மாட்டும். சேவையின் பலவீனம் இங்கேதான்.

விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி தெரிவிக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலைக்கு மோட்டார் சைக்கிளில் வரும்போது விழுந்தாலும் செல்லும்; போலீஸ் ரிப்போர்ட், எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று), வேலைக்கு வந்த பதிவு எல்லாம் தயாராக இருக்கட்டும். சொந்த வேலையாக வழிமாறிப் போயிருந்தால் சிக்கல். எம்.சி. 4 நாளுக்குக் குறைந்தால் தினப்படி இல்லை. அதற்கு மேல் சராசரி நாள்கூலியில் 80 விழுக்காடு.

விபத்துப் பணத்துக்கு இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. நோயால் வேலை செய்ய முடியாமல் போனால் கிடைக்கும் முழு பென்ஷனுக்கு உண்டு: 40 மாதத்தில் 24 மாதச் சந்தா. முதலாளி கட்டாமல் விட்ட மாதங்கள் தொழிலாளியை அடிப்பது அங்கேதான்.

தோட்டத்தில் குலை அறுப்பைக் குத்தகைக்கு விட்டவர்களும் கவனிக்க வேண்டும். குத்தகைக்காரரின் ஆட்களுக்குச் சந்தா கட்டும் முதல் பொறுப்பு, வேலையைக் குத்தகைக்கு விட்டவர் மேல்தான். மாதாமாதம் சந்தா ரசீதைக் கையில் வாங்கிய பிறகே பில்லைத் தீர்க்கலாம்.